ரெஸ்ட் எடுத்தா போகுது, மிதிச்சா வருது: சைக்கிள் ஓட்டுபவர்களை விடாத முட்டி வலி - காரணம் என்ன, தீர்வு என்ன?

நிமிடத்துக்கு 80 முறை பெடலைச் சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஆனால், கணக்கு 19,200. இத்தனை முறையும் முட்டி ஒரே பாதையில், ஒரே கோணத்தில்தான் அசைகிறது. அந்தக் கோணம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் முதல் நூறு சுற்றில் ஒன்றும் தெரியாது. பத்தாயிரமாவது சுற்றில் தெரியும்.

அதன் பிறகு நடப்பது பலருக்கும் பழகிய கதை. "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு, சரியாப் போயிடும்" என்பார்கள். ஓய்வெடுத்தால் வலி போய்விடும். திரும்பச் சைக்கிளை எடுத்தால் 15-வது கிலோமீட்டரில் அதே இடத்தில் அதே வலி. தைலம், நீ-கேப், வலி மாத்திரை என்று ஒரு சுற்று. கடைசியில் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "இந்த வயசுல எதுக்கு சைக்கிள்? மூட்டு தேஞ்சிடப் போகுது."

உண்மையில் சைக்கிள் ஓட்டினால் மூட்டு தேயுமா? ஓய்வெடுத்தும் வலி ஏன் திரும்புகிறது? சைக்கிளில் எதை மாற்ற வேண்டும், உடம்பில் எதை மாற்ற வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைக்கிள் ஓட்டினால் முட்டி தேயுமா?

இந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. சாதாரணமாக நடக்கும்போதே முட்டி மூட்டில் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. ஓடும்போது இன்னும் அதிகம். சமதளத்தில் மிதமாகச் சைக்கிள் மிதிக்கும்போது அது ஏறக்குறைய உடல் எடை அளவிலேயே நின்றுவிடுகிறது. காரணம் எளிது: நம் எடையில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிஸியோதெரபியில் நிலையான சைக்கிளை மிதிக்கச் சொல்வது இதனால்தான்.

2024-ல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2,600-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் இருந்தவர்களுக்கு, அடிக்கடி முட்டி வலி இருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கும் வலி தரும் அளவுக்கும் தேய்மானம் இருப்பதற்கான வாய்ப்பு 21 சதவீதம் குறைவு. முட்டி நன்றாக இருந்தவர்கள்தான் சைக்கிள் ஓட்டினார்களா, சைக்கிள் ஓட்டியதால் முட்டி நன்றாக இருந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால், 'சைக்கிள் முட்டியைக் கெடுக்கும்' என்ற பேச்சுக்கு அது எந்த வகையிலும் துணை நிற்கவில்லை.

அப்படியென்றால் வலி எங்கிருந்து வருகிறது?

சைக்கிளில் உட்கார்ந்த காலைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மேலே இடுப்பு சீட்டில் நிலையாக இருக்கிறது. கீழே பாதம் பெடலில் நிலையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது முட்டி. சீட் தாழ்வாக இருந்தாலும், பாதம் கோணலாக இருந்தாலும், கியர் கனமாக இருந்தாலும், அந்தப் பிசகையெல்லாம் ஏற்றுக்கொண்டு சரிக்கட்ட வேண்டியது நடுவில் இருக்கும் மூட்டுதான். அதாவது, வலிக்கும் இடம் முட்டி. கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் வேறு.

விழுந்து அடிபடாமல், மெல்ல மெல்ல வரும் முட்டி வலிக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் இருப்பது, கனமான கியரில் மெதுவாக மிதிப்பது, தூரத்தையோ ஏற்றத்தையோ சட்டென்று கூட்டுவது. சில வாரம் ஓய்வெடுத்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட மாறாது. சீட் அதே உயரத்தில் காத்துக்கொண்டிருக்கும். அதோடு, ஓய்வில் தொடைத் தசையின் பலமும் கொஞ்சம் குறைந்திருக்கும். பழைய தூரத்துக்கு முன்பைவிட பலம் குறைந்த காலோடு திரும்புகிறோம். வலி திரும்பாமல் என்ன செய்யும்?

எந்த இடத்தில் வலிக்கிறது?

பிஸியோதெரபிஸ்ட்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்வார்கள்.

*முன்பக்கம் - முட்டிச் சில்லைச் சுற்றியோ அதற்குக் கீழேயோ:* சைக்கிள் ஓட்டுபவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். படி இறங்கும்போதும், சினிமா தியேட்டரில் ரொம்ப நேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் வலி தெரியும். சீட் தாழ்வாக இருப்பது, சீட் அதிகம் முன்னால் தள்ளியிருப்பது, கனமான கியர் ஆகியவை வழக்கமான காரணங்கள். முட்டி அதிகம் மடங்கிய நிலையில் அழுத்தி மிதித்தால், முட்டிச் சில்லு தொடை எலும்பின் மீது பலமாக அழுந்துகிறது.

*பின்பக்கம் - முட்டியின் மடிப்பில்:* சீட் அளவுக்கு மேல் உயர்ந்திருக்கலாம், அல்லது அதிகம் பின்னால் தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பெடல் கீழே போகும்போது கால் எட்டிப் பிடிக்கிறது. பின்தொடைத் தசையின் நாண்கள் இழுபடுகின்றன.

*வெளிப்பக்கம்:* இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை தொடையின் வெளிப்புறம் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. அது எரிச்சலடைந்தால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு கத்தி குத்துவதுபோல வலிக்கும். சீட் உயரம், பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருப்பது, இடுப்புத் தசைகளில் பலக்குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

*உள்பக்கம்:* பாதம் வெளிப்பக்கமாக அதிகம் திரும்பியிருப்பது, மிதிக்கும்போது முட்டி உள்பக்கம் சாய்வது, பெடலோடு ஷூவைப் பூட்டும் கிளீட் தவறான கோணத்தில் இருப்பது ஆகியவை காரணமாகலாம்.

இதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக அல்ல. ஒரே இடத்தில் வரும் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சீட்

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சைக்கிள்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலானவற்றில் சீட் தாழ்வாகவே இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போதுகூட முட்டி நன்றாக மடங்கியே இருக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்றுதான் நாம் சைக்கிள் பழகுகிறோம். குரங்கு பெடல் போட்டு, பாரில் ஏறி, கடைசியில் சீட்டுக்கு வந்த தலைமுறைக்குச் சீட்டின் உயரத்தை யாரும் அளந்து காட்டியதில்லை.

இன்னொன்று, கடையில் வாங்கிய அன்று மெக்கானிக் வைத்த உயரத்தோடு பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அந்த வயதில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள். சைக்கிளின் சீட் மட்டும் கொடுத்த அன்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் இருந்தால் முடிகிற வேலை இது.

எப்படிச் சரிபார்ப்பது? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி குதிகால் முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவோடு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட முழுதாக நீள வேண்டும், ஆனால் இடுப்பு அந்தப் பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் இலேசான மடிப்பு தானாக வந்துவிடும். பெடல் கீழே இருக்கும்போது அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரி வரை இருப்பது நல்லது என்பது நிபுணர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவு.

அளவு நாடா கையில் இருந்தால் இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தரையிலிருந்து கவட்டை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிடைப்பது, கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய தோராயமான உயரம். கவட்டை அளவு 80 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 70.6 செ.மீ. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமான்ட் பெயரில் பிரபலமான கணக்கு இது. தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். ஷூவின் அடிப்பகுதி, கிராங்க் நீளம் ஆகியவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும்.

சீட் முன்னும் பின்னும் நகரும் என்பது பலருக்குத் தெரியாது. இதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். நண்பர் ஒருவரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறி உட்காருங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். ரொம்ப முன்னால் விழுந்தால் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள்:

- ஒரே நாளில் மூன்று செ.மீ. ஏற்றிவிடாதீர்கள். ஒரு முறைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த மாற்றம்.
- மாற்றுவதற்கு முன் சீட் பில்லரில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். சரிப்படவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பலாம்.
- சீட் பில்லரில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக் கூடாது. பில்லர் உடையலாம்.
- சீட் சரியான உயரத்தில் இருந்தால், உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடியாது. நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். நாய் குறுக்கே ஓடும் தெருவில் இதை முதல் நாளே சோதிக்காதீர்கள். காலி மைதானத்தில் பழகுங்கள்.

சைக்கிளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழே விழுந்ததில் பெடல் அச்சு வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாதம் ஆடும். பாதம் ஆடினால் முட்டி முறுகும். காற்று இறங்கிய டயரும் காய்ந்த செயினும் அதே தூரத்துக்குக் கூடுதல் அழுத்தம் கேட்கும்.

'கனமா மிதிச்சாதான் எக்சர்சைஸ்' என்பது உண்மையா?

கியர் சைக்கிள் வாங்கிய புதிதில் பலர் செய்வது இது. பெரிய கியரைப் போட்டு, ஒவ்வொரு மிதியையும் அழுத்தி அழுத்தி மிதிப்பார்கள். தொடை எரியும். நன்றாக உழைத்த திருப்தி கிடைக்கும். முட்டிக்கு அது செலவு.

ஒரே வேகத்தில் போக இரண்டு வழி இருக்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று, ஒவ்வொன்றும் கனமாக. அல்லது நிமிடத்துக்கு 90 சுற்று, ஒவ்வொன்றும் இலேசாக. இரண்டிலும் மொத்த உழைப்பு ஒன்றுதான். ஆனால் 60 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை, 90 சுற்றில் தேவைப்படுவதைப் போல ஒன்றரை மடங்கு. வேகமான சுற்றில் மூச்சு கொஞ்சம் வாங்கும், முட்டிக்கு வேலை குறையும்.

உங்கள் வேகம் எவ்வளவு என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 60-க்குக் கீழே இருந்தால் ஒன்றிரண்டு கியர் இறக்கிவிட்டு 75, 80 பக்கம் கொண்டுவரப் பாருங்கள். மேம்பாலமோ எதிர்க்காற்றோ வருகிறது என்றால், திணற ஆரம்பித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். சிக்னலில் நிற்பதற்கு முன்பும் அப்படியே.

'மூச்சே வாங்கல, இன்னும் போலாம்'

மூன்றாவது காரணம்தான் ஆர்வமுள்ளவர்களை அதிகம் மாட்டிவிடுகிறது. தினம் 10 கி.மீ. ஓட்டிக்கொண்டிருந்தவர், நண்பர்கள் குழுவில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் 200 கி.மீ. பிரெவே பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறார். 13 மணி நேரம் 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அல்லது, சென்னையின் சமதளச் சாலையில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் நேராக 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குச் சைக்கிளை எடுத்துப் போகிறார்.

பிரச்சினை என்னவென்றால், உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் பலம் பெறும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து முட்டியும் தயார் என்று நினைத்தால், அங்கேதான் கணக்கு தப்புகிறது.

உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் முட்டி விலக்கு அளிப்பதில்லை. பிரான்ஸின் பெர்னார் இனோ 1978, 1979 என்று அடுத்தடுத்து டூர் டி பிரான்ஸை வென்றவர். 1980-ல் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி அவரிடம் இருந்தபோதே, முட்டித் தசைநாண் அழற்சியால் போட்டியின் நடுவில், போ நகரில் இரவோடு இரவாக விலகினார். அடுத்த நாள் பிரனீஸ் மலையேற்றம் காத்திருந்தது. விலகிய அவர் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், செங்குத்தான ஏற்றங்கள் கொண்ட சலான்ஷ் பாதையில் உலக சாம்பியன் ஆனார். 1983-ல் முட்டி மறுபடியும் படுத்தியதால் டூரில் கலந்துகொள்ளவே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி, 1985-ல் ஐந்தாவது முறையாக டூரை வென்றார்.

மஞ்சள் ஜெர்சியோடு இருந்தவரே நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை குழுவில் பாதி வழியில் திரும்புவது அவமானம் இல்லை. அதேபோல, முட்டி ஒருமுறை மடக்கிப் போட்டால் சைக்கிள் வாழ்க்கை முடிந்தது என்றும் அர்த்தம் இல்லை.

ஓய்வா, ஓட்டமா? நடுவில் ஒரு வழி

வலி வந்தவுடன் முழுதாக நிறுத்துவதும், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதும் இரண்டு ஓரங்கள். பிஸியோதெரபியில் பரவலாகப் பயன்படும் ஒரு அளவுகோல் இருக்கிறது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். ஓட்டும்போது 3-க்கு மேல் போகக் கூடாது. அடுத்த நாள் காலையில் எழுந்து நடக்கும்போது வலி வழக்கத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அந்த அளவு ஓட்டலாம். இல்லையென்றால் அடுத்த முறை தூரத்தைக் குறைக்க வேண்டும்.

ஒரு உதாரணம். வாரம் 60 கி.மீ. ஓட்டிக்கொண்டிருந்தவர் முதல் வாரம் 30 கி.மீ.யாகக் குறைக்கலாம். அதையும் மூன்று நாளாகப் பிரித்து, சமதளத்தில், இலேசான கியரில். வலி அடங்கியிருந்தால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டலாம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: தூரம், ஏற்றம், வேகம் மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியாமல் போய்விடும். ஒரு சின்ன நோட்டிலோ மொபைலிலோ தூரம், சீட் உயரம், வலி மதிப்பெண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

கூடவே, வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம் தசைப் பயிற்சி:

- சுவர் நாற்காலி: முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல, ஆனால் வலி வராத அளவுக்கு மட்டும் இறங்கி 30 முதல் 45 விநாடி. நான்கு ஐந்து முறை.
- கால் தூக்குதல்: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை முட்டி மடங்காமல் ஒரு அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குதல்.
- இடுப்பு தூக்குதல்: மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மடக்கி, பின்புறத் தசையை இறுக்கி இடுப்பை மேலே தூக்குதல்.
- படி இறங்குதல்: வீட்டு வாசலின் தாழ்வான படியில் நின்று, ஒரு காலை மெதுவாகக் கீழே தொட்டு மேலே வருதல். நிற்கும் காலின் முட்டி உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை ஒரு வாரத்தில் பலன் தராது. ஆறு வாரம், நாள்பட்ட நாண் வலி என்றால் மூன்று மாதம்கூட ஆகும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது மூன்றாவது வாரத்தில், வலி கொஞ்சம் குறைந்தவுடன்.

மாத்திரை, நீ-கேப், ஐஸ் - எது உதவும்?

ஓட்டி முடித்த பிறகு 10-15 நிமிடம், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும். நீ-கேப் போட்டால் சிலருக்குத் தெம்பாக இருக்கும். இரண்டும் காரணத்தைத் தொடுவதில்லை.

கவனமாக இருக்க வேண்டியது மாத்திரை விஷயத்தில். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி நிவாரணிகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, நீண்ட பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. வலி என்பது முட்டி தரும் எச்சரிக்கை. அதை அமுக்கிவிட்டு இன்னும் 100 கி.மீ. மிதித்தால் சேதம் கூடலாம். அதோடு, வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயம் அதிகம். வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்?

கீழே சொல்லியிருப்பதில் ஒன்று இருந்தாலும் சீட் உயரத்தை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்:

- விழுந்தோ முறுகியோ சில மணி நேரத்தில் முட்டி வீங்கியிருந்தால், அல்லது காலை ஊன்றவே முடியாவிட்டால்
- முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாவிட்டால்
- நடக்கும்போது முட்டி திடீரென்று நழுவுவதுபோல இருந்தால்
- முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் (அன்றே பார்க்க வேண்டும்)
- கெண்டைக்கால் வீங்கி வலித்தால் (ரத்தக் கட்டாக இருக்கலாம், இதையும் அன்றே பார்க்க வேண்டும்)
- அசையாமல் படுத்திருக்கும்போதும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கும் வலித்தால்
- எல்லாவற்றையும் சரிசெய்தும் ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவோடு பிஸியோதெரபி பிரிவும் இருக்கிறது. போகும்போது 'முட்டி வலிக்குது' என்று மட்டும் சொல்லாமல், எத்தனை கி.மீ.யில் தொடங்குகிறது, எந்த இடத்தில், சமீபத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஸ்கேனில் 'தேய்மானம்', 'ஜவ்வு லேசா கிழிஞ்சிருக்கு' என்று வந்தால் உடனே பதற வேண்டாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருடைய முட்டியிலும் இப்படிப்பட்ட மாற்றங்கள் தெரியும். அதுதான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதை மருத்துவர் முட்டியைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஓய்வெடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

'ஒரு வாரம் குறைச்சுக்கோங்க' என்ற யோசனை பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்குச் சரி. விடியற்காலையில் பேப்பர் போடுபவருக்கும், கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கும், ஷிஃப்டுக்குப் போகும் செக்யூரிட்டிக்கும் அது நடக்காது. பெரும்பாலும் அவர்களிடம் இருப்பது கியர் இல்லாத சைக்கிள். சுமை வேறு.

அவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலில் சீட் உயரம். இதற்குக் காசு செலவில்லை. டயரில் காற்று, செயினில் எண்ணெய். சுமையை ஒரே நடையில் ஏற்றாமல் முடிந்தால் இரண்டாகப் பிரிப்பது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரே மிதியில் அழுத்தாமல், இரண்டு அடி தள்ளி ஓடி ஏறுவது. மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. பல் அதிகமுள்ள ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் மாட்டினால் ஒவ்வொரு மிதியும் இலேசாகும், வேகம் கொஞ்சம் குறையும். தெருமுனைச் சைக்கிள் கடையிலேயே இதைக் கேட்கலாம். 'சீட்டைக் கொஞ்சம் ஏத்தி வைங்க, ஃப்ரீவீல் பெரிசா இருந்தா மாத்துங்க' என்று சொன்னால் போதும், கடைக்காரருக்குப் புரியும்.